தொடைச் சதைக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு: எத்தனை வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும்?

கேள்வியின் சாரம் இது. அண்ணனுக்கு வயது 52, சுகர் உண்டு. வலது தொடையின் உள்பக்கம், கவட்டைக்குச் சற்றுக் கீழே இருந்த 9 செ.மீ. கட்டியைச் சென்னையில் அகற்றியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் மென்திசு சார்கோமா (தசை, கொழுப்பு போன்ற மென்திசுவில் வரும் புற்று), கிரேடு 3 (வேகமாக வளரும் வகை), வெட்டியெடுத்த பகுதியின் விளிம்புகளில் புற்று இல்லை என்று இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். தையலின் கீழ்முனையில் இன்னும் நீர் கசிகிறது. 'இரண்டு வாரம் கழித்துப் பார்ப்போம்' என்கிறார் கதிர்வீச்சு மருத்துவர். 'ஆறு வாரம் தாண்டினால் கரண்ட் வைத்தும் பலன் இல்லை' என்கிறார் உறவினர். யார் சொல்வது சரி?

மருத்துவர் சொல்வதுதான் சரி. கை, கால் சார்கோமாவுக்கு ஆபரேஷனுக்குப் பின் தரும் கதிர்வீச்சை வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவார்கள். புண் ஆறத் தாமதமானால் எட்டு வாரம் வரை போகலாம். உங்கள் அண்ணன் ஏழாவது வாரம் ஆரம்பித்தால் அந்த வரம்புக்குள்தான் இருப்பார். ஆனால் இந்த இரண்டு வாரமும் எல்லோரும் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்து, புண் ஆறிய பிறகு கட்டியின் துண்டைப் பதித்துவைத்த மெழுகு பிளாக்கைத் தேடி, காப்பீட்டுக்கு எழுதிப்போட்டு, ஸ்கேனுக்குத் தேதி வாங்கப் போனால் பத்து வாரம் ஆகிவிடும். கவலைப்பட வேண்டியது இந்தத் தாமதத்துக்குத்தான்.

உறவினர் சொன்ன 'ஆறு வாரம்' அவர் கற்பனை இல்லை. வாய், தொண்டைப் புற்றில் ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும் என்பது கறாராகப் பின்பற்றப்படும் விதி. நம் ஊரில் வாய்ப்புற்று அதிகம் என்பதால் அந்தக் கணக்கு எல்லாப் புற்றுக்கும் பொருந்தும் என்று பரவிவிட்டது. சார்கோமாவில் ஓரிரு வாரத் தாமதம் அதே அளவு கெடுதல் செய்வதாகக் காட்டும் சான்று இல்லை.

கீழ் வரம்பு ஏன் என்று முதலில் பார்ப்போம். தைத்த தோல் ஒட்டியதுபோல் தெரிந்தாலும் உள்ளே பலம் வர நாளாகும். மூன்றாவது வாரத்தில் காயத்தின் இழுவிசை இயல்பான தோலில் சுமார் கால் பங்குதான். மூன்று மாதத்தில்தான் 80 சதவீதத்தை எட்டும். இதற்குக் காரணம் கொலாஜன் நாரைப் பின்னும் செல்கள். கதிர்வீச்சு அந்தச் செல்களையும் புதிதாக முளைக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களையும் முடக்கும். பாதி ஆறிய புண்மேல் ஆரம்பித்தால் அது அப்படியே நின்றுவிடும், சில நேரம் பிளக்கும். பிறகு நடுவில் கதிர்வீச்சை நிறுத்த வேண்டி வரும். பத்து சிட்டிங் கொடுத்துவிட்டு மூன்று வாரம் நிறுத்துவதைவிட, இரண்டு வாரம் தள்ளி ஆரம்பித்து இடைவெளி இல்லாமல் முடிப்பது எவ்வளவோ மேல்.

மேல் வரம்புக்குக் காரணம் வேறு. விளிம்பு சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தாலும், கிரேடு 3 கட்டி இருந்த இடத்தைச் சுற்றி நுண்ணோக்கியில் அகப்படாத செல்கள் இருக்க வாய்ப்புண்டு. நாளாக ஆக அவை பெருகும். தழும்பு இறுகினால் அந்தப் பகுதிக்கு ரத்தமும் ஆக்சிஜனும் குறையும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கதிர்வீச்சின் வீரியமும் குறையும். ஆனால் எட்டு வாரம் என்பது கதவை அடைக்கும் கோடு இல்லை. ஒன்பதாவது வாரம் ஆகிவிட்டது என்பதற்காக எந்த மருத்துவரும் சிகிச்சையைக் கைவிட மாட்டார். மூன்று மாதத்தை நெருங்கினால் மட்டும், திட்டமிடுவதற்கு முன் தொடையை மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டி திரும்ப முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முளைத்திருந்தால் அது இன்னொரு ஆபரேஷனைப் பற்றிய பேச்சாகிவிடும்.

இந்தக் கதிர்வீச்சு எதற்கு என்பதிலும் தெளிவு வேண்டும். 1982-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 43 பேரை வைத்து நடத்திய ஆய்வில், காலையே எடுத்தவர்களும், காலைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும் உயிர்வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. காலைக் காப்பாற்றும் ஆபரேஷன் வழக்கமானது அதன் பிறகுதான். 1998-ல் அதே நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அதே இடத்தில் கட்டி திரும்புவது வெகுவாகக் குறைந்தது. மொத்த உயிர்வாழ்வில் மாற்றம் இல்லை. அதாவது இது தொடையைக் காக்கும் சிகிச்சை. நுரையீரலுக்குப் பரவுவதைத் தடுப்பது இதன் வேலை இல்லை. ஆகவே கதிர்வீச்சு தள்ளிப் போகிறது என்று நுரையீரல் ஸ்கேனையும் தள்ளிப் போடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன் மார்பு சி.டி. ஸ்கேன் எடுக்காமல் விட்டிருந்தால் இந்த வாரமே எடுங்கள்.

இப்போது கசிவு. எந்த நிறம், எவ்வளவு, எங்கிருந்து என்ற மூன்றையும் குறித்து வையுங்கள். வைக்கோல் நிறத்தில், நாற்றமில்லாமல், அழுத்தினால் கூடினால் அது பெரும்பாலும் சீரோமா, அதாவது கட்டி இருந்த குழியில் தேங்கும் நிணநீர். உள்தொடையில் நிணநீர்க் குழாய்கள் நெருக்கமாக ஓடுவதால் இந்த இடத்தில் இது சகஜம். கலங்கலாக, நாற்றத்தோடு, சுற்றிலும் சூடும் சிவப்புமாக இருந்தால் சீழ். சீழ் என்றால் எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பிப் பொருத்தமான ஆன்டிபயாடிக் தர வேண்டும். வாரக்கணக்கில் ஒரே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சீரோமாவுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியால் உறிஞ்சி, அழுத்திக் கட்டினால் பெரும்பாலும் அடங்கும். பிளவு ஆழமாக இருந்தால் நீரை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் டிரெஸ்ஸிங் உதவும். அதற்கும் அடங்காவிட்டால் ஆறாவது வாரத்திலேயே பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்துவிட வேண்டும். தினமும் டிரெஸ்ஸிங், 'அடுத்த வாரம் வாங்க' என்று பத்தாவது வாரம் வரை இழுப்பதைவிட, ஆறாத பகுதியை வெட்டி நல்ல சதையை நகர்த்தி மூடுவது சீக்கிரம் முடியும்.

சீரோமா முழுக்க வற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தோல் மூடி, உள்ளே கொஞ்சம் நீர் நிலையாக நின்றால் கதிர்வீச்சு தொடங்கலாம். நீரின் அளவு மட்டும் மாறிக்கொண்டிருக்கக் கூடாது. கதிரை எங்கே, எவ்வளவு செலுத்துவது என்று கணக்குப் போட எடுக்கும் திட்ட ஸ்கேன் அன்று தொடை வீங்கியிருந்து, பத்தாம் நாள் நீரை எடுத்துவிட்டால், போட்ட கணக்கும் உண்மையான காலும் பொருந்தாது. மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டி வரும். நீர் எடுப்பதானால் ஸ்கேனுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. அதேபோல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, மேலோட்டமாக, உலர்ந்துவரும் பிளவுக்காக நாள் கடத்தவும் வேண்டாம். இதை அறுவை மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் ஒரே நாளில் புண்ணைச் சேர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். இவர் அவரிடம் அனுப்ப, அவர் இவரிடம் திருப்பி அனுப்ப என்று போவதில்தான் வாரங்கள் கரைகின்றன.

சுகர் கட்டுப்பாட்டில் இல்லாமல் இந்தப் புண் ஆறாது. மாத்திரையில் அடங்காவிட்டால் இந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் இன்சுலின் போடத் தயங்க வேண்டாம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். நிக்கோடின் தோலின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மீனும் முட்டையும் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று ரசஞ்சோற்றோடு நிறுத்திவைக்கும் பத்தியம் இங்கே பல வீடுகளில் உண்டு. புண் ஆறப் புரதம்தான் கச்சாப்பொருள். முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் எல்லாம் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புண் ஆறும் இந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறேன். முதலில் ஆபரேஷனுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த குறுந்தகடு. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஃபிலிமும் போதாது. கட்டி இப்போது உடலில் இல்லை. அது எங்கே இருந்தது என்று காட்டும் ஒரே சாட்சி அந்தப் படம்தான். திட்டமிடும் கணினியில் அந்தப் படத்தைப் புதிய சி.டி. ஸ்கேன்மேல் பொருத்தித்தான் எல்லை வரைவார்கள். குறுந்தகடு தொலைந்திருந்தால் எடுத்த ஸ்கேன் சென்டரில் கேளுங்கள். பெரும்பாலும் சேமித்து வைத்திருப்பார்கள்.

அடுத்தது ஆபரேஷன் குறிப்பு. டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள இரண்டு வரி உதவாது. விரிவான குறிப்பு வேண்டும். கட்டி எந்தத் தசைக்குள் இருந்தது, எலும்பின் மேலுறையைச் சீவினார்களா, ரத்தக் குழாயை ஒட்டி எடுத்தார்களா, குழியில் அடையாளத்துக்கு உலோகக் கிளிப் வைத்தார்களா, நீரை வடிக்கும் டிரெயின் குழாய் எங்கே வெளியே வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். டிரெயின் துளை ஏன் முக்கியம் என்றால், தழும்போடு அதையும் கதிர்வீச்சுக்குள் சேர்ப்பதே வழக்கம். தையலின் நேர்க்கோட்டில், பக்கத்திலேயே துளை இருந்தால் நல்லது. பத்து சென்டிமீட்டர் தள்ளி வேறு பக்கம் குத்தியிருந்தால் கதிர்வீச்சுப் பரப்பு அந்த அளவுக்குப் பெருகும், பின்விளைவும் கூடும்.

பிறகு பயாப்ஸி மறுபரிசீலனை. சார்கோமாவில் வகைகள் ஐம்பதுக்கும் மேல். முதல் ரிப்போர்ட்டின் வகையோ கிரேடோ மறுபார்வையில் மாறுவது அரிதல்ல. ஸ்லைடோடு மெழுகு பிளாக்கையும் வாங்கி, சார்கோமா அதிகம் பார்க்கும் மையத்தில் காட்டுங்கள். சிறப்புச் சாயச் சோதனைகள் தேவைப்பட்டால் இன்னும் ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும் என்பதால் இதைத் தள்ளிப் போடவே கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதானால் முன்அனுமதிக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்பதால், ஆபரேஷனுக்கு எவ்வளவு கழிந்தது, மிச்சம் எவ்வளவு என்று மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஆகிய எல்லா இடங்களிலும் கதிர்வீச்சுப் பிரிவு உண்டு. கூட்டமும் உண்டு, அதனால் மெஷினில் இடம் கிடைக்கும் தேதியை முதல் நாளே கேளுங்கள். தரமணியில் 2019 முதல் புரோட்டான் துகள்களால் கதிர்வீச்சு தரும் வசதி இருக்கிறது. தொடைக் கட்டிக்கு அதன் கூடுதல் பலன் குறைவு. அதற்குப் பணம் திரட்டுவதற்காக ஒரு மாதம் காத்திருப்பது வீண். திருவள்ளூரிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ வருபவர்களுக்கு மருத்துவமனையின் பெயரைவிட, ஆறரை வாரம் தவறாமல் வந்துபோக முடியும் என்பது முக்கியம்.

திட்ட ஸ்கேனுக்கும் முதல் சிட்டிங்குக்கும் நடுவே சாதாரணமாக ஒரு வாரம் ஆகும். ஸ்கேன் அன்று கால் அசையாமல் இருக்கக் காற்று உறிஞ்சும் பையில் அச்சு எடுப்பார்கள், தழும்பின்மேல் மெல்லிய கம்பி ஒட்டுவார்கள், தோலில் சிறு புள்ளி குத்துவார்கள். மற்ற காலைக் கதிர்ப் பாதைக்கு வெளியே தள்ளி வைப்பார்கள். கவட்டைக்கு அருகில் என்பதால் விதைப்பையை ஒதுக்கி வைக்க வேண்டும். இனி குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் அதற்கு முன்பே விந்து சேமிப்பைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

அளவு: ஒரு நாளைக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வாரத்தில் ஐந்து நாள். பெரிய பரப்புக்கு 25 நாளில் 50 கிரே. பிறகு கட்டி இருந்த இடத்தை மட்டும் சுருக்கி இன்னும் 10 முதல் 16 கிரே. மொத்தம் 60 முதல் 66 கிரே, 30 முதல் 33 சிட்டிங். விளிம்பில் புற்று இருந்திருந்தால் 66-க்குக் கீழே நிறுத்த மாட்டார்கள். முதல் கட்டத்தில் கட்டி இருந்த இடத்துக்கு மேலும் கீழும் சுமார் 4 செ.மீ., பக்கவாட்டில் 1.5 செ.மீ. சேர்ப்பது வழக்கம். தொடையின் முழுச் சுற்றளவும் கதிருக்குள் வராமல், ஒரு நீளப் பட்டையை விட்டுவைப்பார்கள். அது போனால் கீழ்க்கால் நிரந்தரமாக வீங்கக்கூடும். திட்டத்தைப் பார்க்கும்போது 'விட்ட பட்டை எது, தொடை எலும்புக்கு எவ்வளவு போகிறது?' என்று கேட்பதில் தவறே இல்லை.

கதிர்வீச்சை ஆபரேஷனுக்கு முன்பே கொடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே என்று தோன்றும். வேறு பிரச்சினை வந்திருக்கும். கனடாவில் 190 பேரைக் கொண்டு நடத்தி 2002-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் 50 கிரே பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்குப் புண் ஆறுவதில் சிக்கல் வந்தது; பின்னால் 66 கிரே பெற்றவர்களில் 17 சதவீதம். மறுபக்கம், பின்னால் பெற்றவர்களுக்கு அளவும் அதிகம், பரப்பும் அதிகம். இரண்டு ஆண்டு கழித்துத் தசை இறுக்கமும் அவர்களிடம்தான் அதிகம் இருந்தது. கட்டியை அடக்குவதில் இரண்டும் சமம். இன்று பல மையங்கள் முன்கூட்டிக் கொடுப்பதையே விரும்புகின்றன, அது நியாயமான விருப்பம்தான். ஆனால் உள்தொடை, சுகர், 52 வயது என்றால் பின்னால் கொடுப்பதைத் தேர்ந்தவரைக் குறை சொல்ல முடியாது. முன்கூட்டிக் கொடுத்தவர்களுக்கும் ஒரு காத்திருப்பு உண்டு: கடைசி சிட்டிங்கிலிருந்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே ஆபரேஷன்.

'புண் ஆறும்வரை சும்மா இருப்பானேன், கீமோ போடலாமே' என்ற யோசனை பலருக்கு வருகிறது. கசியும் புண்ணோடு டாக்ஸோரூபிசின் போன்ற மருந்தைப் போட்டால் வெள்ளணு இறங்கி, ஆறும் புண்ணும் நின்றுவிடும். கீமோ தேவையா என்பதைப் பல துறை மருத்துவர்கள் சேர்ந்த டியூமர் போர்டு தனியாக முடிவு செய்யும். தேவை என்றால் எது முதலில் என்று எழுத்தில் வாங்குங்கள். டாக்ஸோரூபிசினைக் கதிர்வீச்சோடு ஒரே சமயத்தில் கொடுப்பதைத் தவிர்ப்பார்கள்.

கொழுப்புக் கட்டி என்று நினைத்துச் சின்ன நர்ஸிங் ஹோமில் எடுத்துவிட்டு, பிறகு சார்கோமா என்று ரிப்போர்ட் வந்தவர்களுக்கு மேலே சொன்ன வாரக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு பெரும்பாலும் விளிம்போடு மறு ஆபரேஷன். குழியில் புற்று மிச்சமிருப்பது அடிக்கடி காணப்படுவதுதான். மிச்சத்தைக் கதிர்வீச்சு பார்த்துக்கொள்ளும் என்று விடக் கூடாது. கணக்கு இரண்டாவது ஆபரேஷனிலிருந்து தொடங்கும். வயிற்றின் பின்புறச் சார்கோமாவுக்கும் இந்தப் பதில் பொருந்தாது. குடல் அருகில் இருப்பதால் அங்கே பின்னால் கதிர்வீச்சு கொடுப்பதை வழக்கமாகத் தவிர்க்கிறார்கள். சிறிய, மேலோட்டமான, கிரேடு 1 கட்டியைத் தாராள விளிம்போடு எடுத்தவர்கள் பலருக்குக் கதிர்வீச்சே தேவைப்படாது.

ஆரம்பித்த பிறகு விடுபடும் நாள்களும் கணக்கில் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி ஓடாத நாள், தீபாவளி, மெஷின் பழுது என்று நான்கைந்து நாள் சுலபமாகப் போய்விடும். விட்ட நாளைச் சனிக்கிழமை ஈடுகட்ட முடியுமா என்று உடனே கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் வழி குறைவு. மூன்றாவது வாரம் கவட்டை மடிப்பில் தோல் சிவந்து உரியத் தொடங்கும், சென்னை வெயிலும் வியர்வையும் அதைக் கூட்டும். தளர்ந்த பருத்தி வேட்டி, வெதுவெதுப்பான நீர், ஒற்றி எடுக்கும் துண்டு போதும். மஞ்சள், தேங்காயெண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். நடையும் முழங்கால் மடக்கும் பயிற்சியும் முதல் நாளிலிருந்தே நடக்கட்டும். இறுகிய பிறகு ஆரம்பித்தால் முழு அசைவும் திரும்புவது கடினம்.

இரண்டு வாரக் காத்திருப்பில் அடுத்த தேதிக்காக உட்கார்ந்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையல் திடீரென்று பிளப்பது, புதுக் கட்டி தட்டுப்படுவது, ரத்தமாகக் கசிவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டா என்று அன்றே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்க்க வேண்டும். காலைத் தேய்த்துவிடவோ உருவிவிடவோ கூடாது. வீக்கத்தோடு மூச்சுத் திணறலும் வந்தால் ஓ.பி. சீட்டுக்கு நிற்காமல் 108-ஐ அழையுங்கள்.